டெபிக்கு இன்று லீவு

ஹாலோவெல் ஊரில் முத்தரசியை அதிகம் பேருக்குத் தெரியாது. டெபியை எல்லாருக்கும் தெரியும். இருவரும் ஒரே ஆள் என்பது மொத்தம் ஐந்து பேருக்குத்தான் தெரியும்.

நெப்ராஸ்கா மாநிலத்தில், மக்காச்சோள வயல்களுக்கு நடுவே, ஒரு மாட்டிறைச்சித் தொழிற்சாலையை நம்பிப் பிழைக்கிற சின்ன ஊர் அது. முத்தரசி பிறந்தது சாத்தூர். கால்நடை மருத்துவரான கணவன் ஜெயக்கொடிக்கு அந்தத் தொழிற்சாலையில் பரிசோதகர் வேலை கிடைத்தபோது அவளும் கூட வந்தாள். வந்து பதினான்கு வருடம். குடியுரிமைப் பிரமாணம் எடுத்து ஒன்பது வருடம். மாவட்டம் மாதிரியான கவுன்ட்டியின் அவசர உதவி மையத்தில் 911 அழைப்புகளை எடுக்கத் தொடங்கி மூன்று வருடம்.

முதல் வருடம் அவள் தன் சொந்தக் குரலில்தான் பேசினாள். வேகமான ஆங்கிலம், கொஞ்சம் சாத்தூர் வாசனையோடு. பெரும்பாலானவர்களுக்கு அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் 2038 அக்டோபரில் ஒரு பெண் கூப்பிட்டாள். அவள் கணவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சமையலறையில் விழுந்து கிடந்தார்.

"அவரை மல்லாக்கப் படுக்க வைங்க மேடம். மூச்சு விடுறாரா?"

"யார் பேசறது? எந்த நாட்டுல உட்கார்ந்து பேசற? எனக்கு ஒரு அமெரிக்கர் வேணும்."

"நானும் அமெரிக்கர்தான் மேடம். இதே ஊர்ல, நீதிமன்றத்துக்குப் பக்கத்துல உட்கார்ந்திருக்கேன். மூச்சு விடுறாரா, சொல்லுங்க."

"அசல் அமெரிக்கரைக் கூப்பிடு!"

பக்கத்து மேசையிலிருந்த மார்லீன் ஹாவ்லிக் அழைப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். மையத்தின் தலைமை அவள்தான். அறுபது வயது, தாத்தா காலத்திலிருந்து அதே கவுன்ட்டி. அந்த மனிதர் பிழைத்துக்கொண்டார். ஆனால் நாற்பது நொடி வீணாகிப் போயிருந்தது. அதற்கு விலையாக அவர் ஆறு மாதம் நடைக்கோலோடு நடந்தார்.

அடுத்த மாதமே ஒரு நிறுவனத்தின் ஆள் சோப்புப் பெட்டி அளவுக் கருவியோடு வந்து முத்தரசியின் மேசையில் அதைப் பொருத்தினான். மற்ற நான்கு மேசைகளுக்கும் அது தேவைப்படவில்லை.

"நீங்க பேசுறது உள்ள போகும். வெளிய டெபி வருவாங்க" என்றான்.

"வார்த்தை?"

"வார்த்தை உங்களோடதுதான். குரலும் உச்சரிப்பும் டெபியோடது. கேட்கிறவங்களுக்குத் தாமதமே தெரியாது."

"யார் இந்த டெபி? எந்த ஊர்ப் பொண்ணு?"

அவன் சிரித்தான். "எந்த ஊரும் இல்ல. அமெரிக்கர்கள் எந்தக் குரலைக் கேட்டா உடனே நம்புறாங்கன்னு இருபதாயிரம் பேரைக் கேட்டு உருவாக்கினது."

மார்லீனுக்குக் கோபம். "அவளை ஒளிச்சு வைக்கணுமா? அந்தப் பொம்பளைக்கில்ல வைத்தியம் பார்க்கணும்!" என்றாள்.

முத்தரசி யோசித்துவிட்டு, "நாற்பது நொடி, மார்லீன்" என்றாள். "என் ரோஷத்துக்காக யாரோட மூச்சும் நிக்க வேண்டாம். மாட்டச் சொல்லு."

ஒப்பந்தத்தில் ஒரே ஒரு கண்டிப்பு இருந்தது. டெபி யார் என்று வெளியே சொல்லக்கூடாது. சொன்னால் நம்பிக்கை போய்விடுமாம்.

டெபி வந்த பிறகு வேலை வெண்ணெய் வெட்டுவது போல நடந்தது. யாரும் எதிர்க்கேள்வி கேட்கவில்லை. படு என்றால் படுத்தார்கள், ஓடு என்றால் ஓடினார்கள். முத்தரசிக்கு அதில் ஒரு சுகமும் இருந்தது என்பதை மறைக்க முடியாது. இன்னொன்றையும் அவள் கவனித்தாள். கூப்பிடுகிற எல்லாருடைய பேச்சும் இப்போது அவளுக்குத் தெளிவாகப் புரிந்தது. அனுபவம் ஏற ஏறக் காது பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

2040 மார்ச்சில் லோயிஸ் க்ரூகர் என்ற பெண் கூப்பிட்டாள். பேத்தியின் தொண்டையில் கோலிக்குண்டு சிக்கியிருந்தது. டெபி சொல்லச் சொல்ல, லோயிஸ் குழந்தையைத் தொடைமேல் கவிழ்த்து முதுகில் தட்டினாள். நான்காவது தட்டில் குண்டு தரையில் உருண்டது. பாட்டியும் பேத்தியும் சேர்ந்து அழுத அழுகை முத்தரசியின் காதில் இரண்டு நாள் இனித்தது.

மூன்றாம் நாள் மதியம் மையத்தின் வாசலில் லோயிஸே ஒரு பெரிய கேக்கோடு நின்றாள். கதவைத் திறந்தது முத்தரசி.

லோயிஸ் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி, சத்தமாகப் பேசினாள். "இது. டெபிக்கு. மறக்காமக் குடுத்துடணும். சரியா? டெபி. நீங்க தரை துடைக்கிறப்போ இதை ஓரமா வச்சிடாதீங்க."

"கண்டிப்பா குடுத்துடறேன்" என்றாள் முத்தரசி.

சாயங்காலம் வீட்டு மேசையில் கேக்கைப் பார்த்த ஜெயக்கொடி, "யாரு குடுத்தா?" என்று கேட்டான்.

"டெபிக்கு வந்தது."

"அவ எங்க?"

"இந்தா, உங்க முன்னாடிதான் நிக்கிறா. தரை துடைச்ச களைப்புல."

அவன் சிரிக்கப் போனவன் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். பிறகு இருவருமாக ஆளுக்கு இரண்டு துண்டு தின்றார்கள். கேக்கின்மேல் யாருக்கும் கோபம் இல்லை.

லோயிஸின் கணவர் டேல் க்ரூகர் கவுன்ட்டி மன்ற உறுப்பினர். விதைக்கடை வைத்திருந்தார். உரத்த குரல், உரத்த கருத்துகள். அந்த வருடம் மே மாதம் மன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டு வந்தார்: அவசர உதவி மையத்தில் இந்த மண்ணில் பிறந்தவர்களுக்கு மட்டுமே வேலை. "அங்கே வெளியாள் ஒருத்தர் உட்கார்ந்திருக்கிறதாக் கேள்விப்பட்டேன். உயிர் போற நேரத்துல நமக்கு நம்ம ஆள் வேணும். நம்ம டெபி மாதிரி!" கூட்டம் கைதட்டியது. வாக்கெடுப்பு ஜூன் கடைசிக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

மார்லீன் மறுநாள் இதைச் சொன்னபோது முத்தரசி வாயிலிருந்த காப்பியைத் துப்பிவிட்டாள். "என்னை வேலையை விட்டு எடுத்துட்டு, என்னையே வேலைக்கு வைக்கணும்னு சொல்றாரா?"

"சொன்னா அவர் முகம் எப்படி ஆகும்னு பார்க்க ஆசையா இருக்கு" என்றாள் மார்லீன்.

"ஒப்பந்தம் இருக்கே."

ஜூன் பதினொன்று, மாலை ஐந்து மணிக்கு வானம் பச்சையாக மாறியது. ஐந்து பத்துக்குச் சங்கு ஊதியது. ஐந்து இருபதுக்கு டொர்னேடோ என்கிற சுழல்காற்று ஊரின் வடக்கு ஓரத்தைத் தொட்டுக்கொண்டு போனது. மையத்தில் மின்சாரம் ஒரு முறை செத்து, ஜெனரேட்டரில் உயிர்த்தது. தொலைபேசிகள் ஒரே சமயத்தில் அடிக்கத் தொடங்கின. முத்தரசியும் மார்லீனும்தான் அப்போது மேசையில்.

முதல் அழைப்பில் ஒரு பெண். கூரை பறந்துவிட்டது, குழந்தைகளோடு குளியலறையில் இருக்கிறேன் என்றாள். தொண்டைக்குள்ளிருந்து அழுத்தி வந்த ஆங்கிலம். சோமாலியர்கள் பேசுவதை முத்தரசி கடைத்தெருவில் கேட்டிருக்கிறாள். அடுத்தது ஒரு முதியவர். ஒவ்வொரு வார்த்தையையும் மென்று துப்புகிற பழைய ஜெர்மன் சாயல். அடுத்து ஒரு பையன், பர்மாப் பக்கத்துப் பேச்சு. மூவரும் அவள் சொன்னதை மறு பேச்சில்லாமல் செய்தார்கள்.

நான்காவதாக ஒரு ஆண் குரல். ஸ்பானிஷ் உருளும் ஆங்கிலம். "முப்பதாம் நம்பர் ரோடு. பெரிய மரம் குறுக்க விழுந்திருச்சு, ஒரு வண்டியும் போக முடியாது. எங்கிட்ட மரம் அறுக்கிற மெஷின் இருக்கு. அறுக்கட்டுமா?"

"உங்க பேரு?"

"பாஸ்குவால். டெபி எங்க? எனக்கு டெபியைத் தெரியும். ரோட்டுல மாடு வந்தா நான்தான கூப்பிடுவேன்."

முத்தரசி திரையில் எண்ணைப் பார்த்தாள். அதே எண்தான். மாதம் இரண்டு முறை மாட்டுக்காகக் கூப்பிடுகிற மனிதர். அவரை அவள் மனத்தில் நன்றாகவே வரைந்து வைத்திருந்தாள்: அகலத் தொப்பி, வெளுத்த புருவம், சிவந்த கழுத்து.

அவள் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு கத்தினாள். "மார்லீன்! என் மெஷினுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு! கூப்பிடுறவங்க குரலையெல்லாம் மாத்துது!"

மார்லீன் திரும்பிப் பார்த்தாள். "எந்த மெஷின்? கரண்ட் போனப்பவே அது செத்துப் போச்சே. விளக்கைப் பாரு."

சோப்புப் பெட்டியின் விளக்கு அணைந்திருந்தது.

அதன் அர்த்தம் மெல்ல மெல்ல உள்ளே இறங்கியது. இத்தனை நாளும் மாற்றப்பட்டது அவள் குரல் மட்டும் இல்லை. இன்றைக்குத்தான் அவள் ஊரைக் கேட்கிறாள். ஊரும் இன்றைக்குத்தான் அவளைக் கேட்கிறது.

"ஹலோ? அறுக்கட்டுமா, வேண்டாமா?" என்றார் பாஸ்குவால்.

"அறுங்க. கரண்ட் கம்பி கிடக்கான்னு முதல்ல பாருங்க. போனைப் பையில போட்டுக்குங்க, திரும்பக் கூப்பிடுவேன்."

அவள் வைத்த அடுத்த நொடியே மணி அடித்தது. இந்தக் குரலில் சந்தேகத்துக்கே இடமில்லை. டேல் க்ரூகர்.

"லோயிஸ்... நிலவறையில... ஊறுகாய் ஜாடி அலமாரி அவ கால்மேல சாஞ்சிருச்சு. கண்ணாடி கிழிச்சு ரத்தம் பீய்ச்சி அடிக்குது. டெபி, ஆம்புலன்ஸ் அனுப்பு!"

"அனுப்பியாச்சு. ரத்தம் காலுக்கு எந்த இடத்துல வருது?"

"நீ யாரு? டெபி எங்க?"

"டெபிக்கு இன்னைக்கு லீவு. நான் முத்தரசி. முழங்காலுக்கு மேலயா, கீழயா?"

"எனக்கு டெபி... எனக்கு ஒரு..."

முத்தரசிக்கு அந்த வாக்கியத்தின் மிச்சம் தெரியும். ஒரு வருடம், ஏழு மாதம் அதைத் தவிர்க்கத்தான் பெட்டிக்குள் ஒளிந்திருந்தாள். இன்று ஒளிய இடமில்லை. சாத்தூர்ச் சந்தையில் தக்காளிக் கூடைகளுக்கு நடுவே அம்மா கூவுகிற குரல் எங்கிருந்தோ அவள் தொண்டைக்கு வந்தது.

"டேல்! உங்க பெல்ட்டைக் கழட்டுங்க! இப்பவே!"

அவர் கழற்றினார். அந்தக் குரலுக்கு யாராக இருந்தாலும் கழற்றியிருப்பார்கள்.

"காயத்துக்கு நாலு விரல் மேல, தொடைப் பக்கமா சுத்தி இறுக்குங்க. கையில ஸ்பேனர், ஸ்க்ரூடிரைவர் ஏதாவது இருக்கா? அதை உள்ள விட்டு முறுக்குங்க. ரத்தம் நிக்கிற வரைக்கும் முறுக்குங்க."

"அவ அலறுறா!"

"அலறட்டும். அலறுறாங்கன்னா நல்லா இருக்காங்கன்னு அர்த்தம். முறுக்குங்க."

ஒரு நிமிடம் அவள் காதில் அலறலும் மூச்சும்தான். பிறகு டேல், "நின்னுருச்சு" என்றார், குழந்தை மாதிரி.

"மணி அஞ்சு நாற்பத்தொன்னு. அதை அவங்க நெத்தியிலயே எழுதுங்க, ஆஸ்பத்திரியில தேவைப்படும். பெல்ட்டைத் தளர்த்தவே கூடாது."

ஆம்புலன்ஸ் க்ரூகர் வீட்டுக்கு வர முடியாமல், முப்பதாம் நம்பர் ரோட்டு மரத்துக்கு அந்தப் பக்கம் நிற்பதாக வானொலியில் செய்தி வந்தது. அவள் பாஸ்குவாலைக் கூப்பிட்டாள். தம்பிகளும் சில ஆட்களும் உதவிக்கு வந்திருக்கிறார்கள், பாதி அறுத்தாயிற்று, இன்னும் கால் மணி நேரம் ஆகும் என்றார் அவர்.

"மெஷினைத் தம்பிங்ககிட்டக் குடுத்துட்டு, உங்க பிக்கப் வண்டியில ரெண்டு பேரோட க்ரூகர் வீட்டுக்குப் போங்க. நிலவறையில ஒரு அம்மா. அலமாரியைத் தூக்கி, அவங்களை மரத்துகிட்டக் கொண்டு வந்துடுங்க. அங்கிருந்து ஆம்புலன்ஸ்காரங்க மரத்தைத் தாண்டி ஸ்ட்ரெச்சர்ல வாங்கிக்குவாங்க."

"விதைக்கடைக்காரர் வீடா?" என்றார் பாஸ்குவால். "அவருக்கு எங்களைப் பிடிக்காது மேடம்."

"இன்னைக்குப் பிடிக்கும்."

ஆறு மணிக்கு லோயிஸ் ஆம்புலன்ஸில் இருந்தாள். அந்த மாலை ஹாலோவெல்லில் பதினேழு வீடுகள் போயின. ஒரு உயிரும் போகவில்லை.

மறுநாள் முத்தரசி நிறுவனத்துக்குப் போன் செய்தாள். பேசியவன் பணிவாகவே விளக்கினான். போன வருடம் ஜனவரியில் ஒரு மேம்பாடு. கூப்பிடுகிறவர்களின் உச்சரிப்பையும் சீராக்கித் தருகிறோம், உங்களுக்குப் புரிவது எளிதாகும். குறிப்பு அனுப்பினோமே, ஒன்பதாவது பக்கம்.

"எந்த மாதிரி சீராக்குவீங்க?"

"நம்பகமான குரலா, மேடம்."

அன்று சாப்பிடும்போது அவள் ஜெயக்கொடியிடம் சொன்னாள். "நான் மெஷின் மேல கோபப்படலங்க. அந்தக் குரலுக்கெல்லாம் நானா ஒரு முகம் போட்டுக்கிட்டேன் பாருங்க. அத்தனையும் வெள்ளை முகம். கடையில, பஸ் ஸ்டாப்புல தினம் அந்த ஜனத்தைப் பார்க்கிறேன். ஆனா ஊர்னு நெனச்சா அவங்க ஒருத்தர்கூட என் ஊர்ல இல்ல. நானே இல்ல."

ஜெயக்கொடி அவள் தட்டில் இன்னொரு கரண்டி ரசம் விட்டான். "பாஸ்குவால் எனக்குத் தொழிற்சாலையில எட்டு வருஷப் பழக்கம். அவர் எங்கிட்ட டெபியைப் பத்தியே பேசுவார். தங்கமான வெள்ளைக்காரப் பொண்ணுன்னு."

"நீங்க என்ன சொல்வீங்க?"

"ஆமா, கொஞ்சம் வாய் ஜாஸ்தின்னு சொல்வேன்."

அவள் சிரித்ததில் ரசம் சிந்தியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஒப்பந்தம் இனி யாருக்கு வேண்டும்? லோயிஸ் கால் முழுக்கக் கட்டோடு படுத்திருந்தாள். டேல் நாற்காலியிலிருந்து எழுந்து, கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். முத்தரசி வாயைத் திறந்து வணக்கம் சொன்னதுமே அவருக்குக் குரல் தெரிந்துவிட்டது.

"நீங்கதான் அன்னைக்கு..."

"நான்தான். கோலிக்குண்டு அன்னைக்கும் நான்தான்."

லோயிஸ் அவளையே பார்த்தாள். முகம் காதுவரை சிவந்தது. "அப்போ... அந்த கேக்?"

"நல்லா இருந்துச்சு. இனிப்புதான் கொஞ்சம் ஜாஸ்தி."

லோயிஸ் முதலில் அழுதாள். அழுகை நடுவிலேயே சிரிப்பாக மாறியது. கால் வலித்ததால் "ஐயோ, ஐயோ" என்றபடியே சிரித்தாள். டேல் சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வெகுநேரம் கார் நிறுத்துமிடத்தைப் பார்த்தார்.

ஜூன் கடைசியில் மன்றம் பள்ளிக்கூட விளையாட்டு அரங்கில் கூடியது. டேல் எழுந்து, "என் தீர்மானத்தைத் திரும்ப வாங்கிக்கறேன்" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தார். காரணம் கேட்டதற்கு, "என் பொண்டாட்டிக்கு ரெண்டு காலும் இருக்கு. அதான் காரணம்" என்றார்.

பிறகு முத்தரசி பேசினாள். நடந்ததைச் சொன்னாள், மெஷினுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று தான் கத்தியது உட்பட. அரங்கம் அதிரச் சிரித்தது. அதிகம் சிரித்தது பாஸ்குவாலின் வரிசை. பெட்டியை எடுத்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள்.

பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். "மறுபடி யாராவது உங்க பேச்சைக் கேட்காம நாற்பது நொடி வீணாக்கினா? செத்தா யார் பொறுப்பு?"

நியாயமான கேள்வி.

"வீணாகலாம்" என்றாள் முத்தரசி. "ஆகாதுன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா அந்தப் பெட்டி ஒருநாள் செத்துப்போச்சு, அன்னைக்குத்தான் ஊருக்கே ஆபத்து. நாம ஒருத்தர் பேச்சை ஒருத்தர் கேட்டுப் பழகியிருக்கணும். வியாழக்கிழமை சாயங்காலம் இந்த அரங்கத்தைக் குடுங்க. முதலுதவி சொல்லித் தரேன். நான் பேசுறேன், நீங்க கேளுங்க. நீங்க பேசுங்க, நான் கேட்கிறேன்."

நாலுக்கு மூன்று என்ற கணக்கில் பெட்டி போனது. பெட்டி இருக்கட்டும் என்று வாக்களித்த மூவரில் டேலும் ஒருவர். வெளியே மார்லீன் அவரைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஒரே நாள்ல ரெண்டு விஷயத்தை மாத்திக்கச் சொல்லாத, மார்லீன்" என்றார் அவர். "எனக்கு டெபியைப் பிடிக்கும்."

ஆனாலும் வியாழக்கிழமை அவர் வந்தார். முதல் வாரம் கதவோரம் நின்றார். மூன்றாம் வாரம், பாஸ்குவாலின் மகள் காலில் பெல்ட் கட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்.

அந்தக் குளிர்காலத்தில் மையத்தில் ஒரு இடம் காலியானது. விண்ணப்பித்த பதினோரு பேரில் லோயிஸ் தேர்வானாள். பயிற்சி கொடுக்க வேண்டியவள் முத்தரசி.

லோயிஸின் முதல் அழைப்பு ஒரு செவ்வாய்க்கிழமை காலை வந்தது. ஒரு பெண், அவள் அப்பா பனியில் வழுக்கி விழுந்திருந்தார். பேச்சு வேகம், உச்சரிப்பும் வேறு மாதிரி, லோயிஸுக்குப் பாதிகூடப் பிடிபடவில்லை. அவள் பயத்தோடு முத்தரசியைப் பார்த்து ரிசீவரை நீட்டினாள். முத்தரசி கையைக் கட்டிக்கொண்டாள்.

"கேளுங்க" என்று உதட்டசைவில் சொன்னாள்.

லோயிஸ் கண்ணை மூடிக்கொண்டாள். "கண்ணு, நான் இங்கதான் இருக்கேன். எங்கயும் போகல. மெதுவா இன்னொரு தடவை சொல்லு" என்றாள். கேட்டாள். மறுபடி கேட்டாள். இடுப்பு என்ற வார்த்தை பிடிபட்டது, அசையக்கூடாது என்று சொன்னாள், போர்வை போர்த்தச் சொன்னாள், ஆம்புலன்ஸ் வந்து சேரும்வரை அந்தப் பெண்ணோடு பேசிக்கொண்டே இருந்தாள்.

அழைப்பு முடிந்ததும் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தாள். முகமெல்லாம் வெற்றி.

"பாவம், நல்ல பொண்ணு" என்றாள். "அவ எந்த ஊரு?"

"திரையில இருக்கு, பாருங்க" என்றாள் முத்தரசி.

லோயிஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து படித்தாள். "மேப்பிள் தெரு. நானூற்றுப் பன்னிரண்டு." படித்துவிட்டு நிமிர்ந்தாள். "எங்க வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி!"